பந்தியில் பிரிவினை கூடாது: சோகன் சிங் பக்னாவின் போராட்ட வாழ்க்கை

பஞ்சாபின் புரட்சியாளர்கள் என்றதும் நமக்குச் சட்டென்று நினைவுக்கு வருபவர்கள் எல்லாருமே தூக்குமேடை ஏறியவர்கள். பகத் சிங்குக்கு அப்போது 23 வயது. அவர் தன் வழிகாட்டியாகக் கருதிய கர்த்தார் சிங் சராபாவுக்கு 19. உதம் சிங்குக்கு நாற்பது. இந்த வரிசையில் சோகன் சிங் பக்னாவின் பெயரை யாரும் சொல்வதில்லை. சராபாவோடு சேர்ந்து தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டவர்தான் அவரும். ஆனால் அவருடைய தண்டனை ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. 98 வயது வரை வாழ்ந்தார். அப்படி வாழ்ந்ததே அவர் பெயர் மங்கிப்போகக் காரணமாகிவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இத்தனைக்கும், வட அமெரிக்காவில் உருவான கதர் கட்சியின் முதல் தலைவர் இவர். (கதர் என்றால் கிளர்ச்சி. நம் கதராடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) ஆங்கில ஆட்சியை ஆயுதம் கொண்டு அகற்ற வேண்டும் என்று வெளிப்படையாக அறிவித்து, அதற்கெனப் பத்திரிகை நடத்தி, ஆள் சேர்த்து, கப்பல் கப்பலாகத் தாயகத்துக்கு அனுப்பிய இயக்கம் அது. அதன் தலைவர் படித்த வழக்கறிஞரோ பெரிய செல்வந்தரோ இல்லை. மர அறுவை ஆலையில் பலகை தூக்கிய கூலித் தொழிலாளி.

சோகன் சிங் பிறந்தது 1870 ஜனவரியில், அமிர்தசரசுக்கு அருகே தாய்வழி உறவினரின் கிராமத்தில். காந்தியைவிடச் சில மாதங்களே இளையவர். சொந்த ஊர் பக்னா. அந்த ஊர்ப் பெயர்தான் பிறகு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஒரு வயதிலேயே தந்தை இறந்துவிட்டார். குருத்வாராவில் பஞ்சாபி எழுத்து, பள்ளியில் உருதும் பாரசீகமும், பத்து வயதில் பிஷன் கவுருடன் திருமணம். நிலபுலன் உள்ள குடும்பத்தின் ஒரே வாரிசு. கேட்க ஆளில்லாத இளமை. குடி, வேடிக்கை, வேட்டை என்று சொத்தில் பெரும்பகுதி கரைந்தது.

இருபத்தைந்து வயதுக்கு மேல் அவரை மாற்றியவர் பாபா கேசர் சிங் என்ற நாம்தாரிப் பெரியவர். நாம்தாரிகளைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். கூக்காக்கள் என்றும் இவர்களுக்குப் பெயர் உண்டு. ஆங்கிலேயரின் பள்ளிக்கூடம், நீதிமன்றம், துணி, தபால் எல்லாவற்றையும் காந்திக்கு வெகுகாலம் முன்பே புறக்கணித்த சீக்கியப் பிரிவினர். 1872 ஜனவரியில் மலேர்கோட்லாவில் இவர்களில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பீரங்கி வாயில் கட்டி வெடித்துச் சிதறடித்தது ஆங்கில நிர்வாகம், முறையான விசாரணையின்றி. அந்த நினைவு ஆறாத மக்களோடு சோகன் சிங் பழகத் தொடங்கினார். குடியை விட்டார். ஆனால் கைச்செலவு மட்டும் குறையவில்லை. இப்போது அந்தப் பணம் திருவிழா நடத்தவும் வந்தவர்களுக்கு அன்னமிடவும் போயிற்று. நிலம் அடமானத்துக்குப் போனது.

1907இல் பஞ்சாப் கொதித்தது. கால்வாய்க் குடியிருப்புகளில் நிலம் பெற்ற விவசாயிகளின் உரிமையைச் சுருக்கும் சட்டம் வந்தது. அமிர்தசரஸ் பகுதி விவசாயிகள் நம்பியிருந்த பாரி தோவாப் கால்வாயின் தண்ணீர் வரியையும் உயர்த்தினார்கள். பகத் சிங்கின் சித்தப்பா அஜித் சிங் முன்னின்று நடத்திய அந்தக் கிளர்ச்சியில் சோகன் சிங்கும் கலந்துகொண்டார். படையில் இருந்த விவசாயி வீட்டுப் பிள்ளைகள் கலங்கிவிடுவார்களோ என்று பயந்துபோன வைஸ்ராய் மிண்டோ அந்தச் சட்டத்துக்கு ஒப்புதல் தர மறுத்தார். இந்த அனுபவம் முக்கியமானது. ஆங்கில அரசு பஞ்சாபில் எதற்கு அஞ்சுகிறது என்பது பஞ்சாபிகளுக்கு அப்போது தெரிந்துவிட்டது. பிரிட்டிஷ் இந்தியப் படையில் ஏறக்குறைய பாதிப் பேர் பஞ்சாபிகள். அவர்கள் துப்பாக்கியைத் திருப்பினால் சாம்ராஜ்யம் நிற்காது. பின்னாளில் கதர் கட்சி போட்ட கணக்கு முழுக்க இதன் மேல் கட்டியதுதான்.

அப்புறம் கடன். அதை அடைக்க வழி தெரியாமல், 39 வயதில், 1909 பிப்ரவரியில் வீட்டை விட்டுக் கிளம்பி, ஏப்ரல் 4ஆம் தேதி சியாட்டிலில் இறங்கினார். ஆரிகன் மாநிலத்தில் போர்ட்லாந்து அருகே ஒரு மர ஆலையில் வேலை கிடைத்தது. அன்று அந்தக் கரையோரம் முழுக்க பஞ்சாபிகள் இருந்தார்கள். பலர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், சீனாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆங்கிலேயருக்காகப் போரிட்டவர்கள். நாளுக்கு இரண்டு டாலர் அளவில் கூலி. ஊரில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் அது பெரிய காசு. ஆனால் அந்தக் காசுக்குப் பக்கத்திலேயே அவமானமும் இருந்தது. 1907 செப்டம்பரில் பெல்லிங்ஹாம் நகரில் நூற்றுக்கணக்கான வெள்ளையர்கள் திரண்டு, இந்தியத் தொழிலாளர்கள் தங்கியிருந்த இடங்களில் புகுந்து அடித்து, ஒரே இரவில் அவர்களை ஊரைவிட்டே துரத்தியிருந்தார்கள். 1910இல் சோகன் சிங் வேலை பார்த்த பகுதியான செயின்ட் ஜான்ஸிலும் அதே மாதிரி கலவரம் நடந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஜப்பானியர் மீது கை வைத்தால் ஜப்பான் அரசு கேட்டது. சீனர்களுக்கும் பேச ஓர் அரசு இருந்தது. இந்தியர்கள் பிரிட்டிஷ் தூதரகத்துக்குப் போய் முறையிட்டால் கதவு திறக்கவில்லை. மகாராணியின் பதக்கத்தை மார்பில் குத்திக்கொண்டிருந்த பழைய சிப்பாய்க்கும் அதே கதிதான். வேலை கேட்டுப் போன இடத்தில் ஒரு மேற்பார்வையாளர் தன்னிடம் பேசியதைச் சோகன் சிங் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். உங்கள் நாட்டில் எத்தனை பேர் என்று அந்த ஆள் கேட்டார். முப்பது கோடி என்று பதில் சொன்னார்கள். முப்பது கோடி மனிதர்களா, முப்பது கோடி ஆடுகளா என்று அடுத்த கேள்வி வந்தது. முதலில் போய் உங்கள் நாட்டை விடுவித்துவிட்டு வாருங்கள், அப்போது உங்களை வரவேற்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார். சோகன் சிங்கை இந்தக் கேள்வி விடாமல் துரத்தியது. அடிமை நாட்டில் பிறந்தவனுக்கு உலகத்தின் எந்த மூலையிலும் மரியாதை இல்லை என்பதைப் புத்தகம் படித்து அல்ல, கூலிக்குப் போன இடத்தில் தெரிந்துகொண்டார்.

1913இல் ஆரிகனின் ஆலைத் தொழிலாளர்கள் கூடி, பசிபிக் கரை இந்துஸ்தானியர் சங்கத்தைத் தொடங்கினார்கள். தலைவர் சோகன் சிங் பக்னா. பொதுச் செயலாளர் லாலா ஹர்தயாள், ஆக்ஸ்போர்டில் கிடைத்த உதவித்தொகையைத் தூக்கி எறிந்துவிட்டு வந்த அறிவாளி. பொருளாளர் பண்டிட் காசி ராம். இந்தச் சங்கம்தான் தன் பத்திரிகையின் பெயரால் கதர் கட்சி என்று அறியப்பட்டது.

பொதுவாக ஹர்தயாளின் பேச்சையும் எழுத்தையும் வைத்தே இந்த இயக்கத்தின் கதையைச் சொல்வார்கள். ஆனால் கட்சி போட்டுக்கொண்ட விதிகளைப் பாருங்கள், அதில் ஆலைத் தொழிலாளர்களின் கை தெரியும். மதம் அவரவர் சொந்த விஷயம், அமைப்புக்குள் மத விவாதத்துக்கு இடமில்லை. மாதம் ஒரு டாலர் சந்தா. பத்திரிகையிலும் அலுவலகத்திலும் வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நிர்வாகக் குழு ஆலைகளில் இருக்கும் கமிட்டிகளில் இருந்து வர வேண்டும், ஆண்டுதோறும் தேர்தல் நடக்க வேண்டும். உறுப்பினர்களில் மிகப் பெரும்பான்மையினர் சீக்கியர்கள். அவர்கள் நினைத்திருந்தால் இதைச் சீக்கியர் சங்கமாகவே நடத்தியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். காந்தி இந்தியாவுக்குத் திரும்பும் முன்பே, கையெழுத்துப் போட மட்டும் தெரிந்த பலர் இருந்த ஒரு கூட்டம், மதத்தை அரசியலில் இருந்து தள்ளி வைக்கும் விதியை எழுதி வைத்தது. கதர் வரலாற்றில் துப்பாக்கிகளைவிடப் பெரிய விஷயமாக நான் கருதுவது இதைத்தான்.

1913 நவம்பர் 1ஆம் தேதி சான் பிரான்சிஸ்கோவில் இருந்து கதர் பத்திரிகையின் முதல் இதழ் உருதுவில் வந்தது. சில வாரங்களில் குர்முகி எழுத்தில் பஞ்சாபிப் பதிப்பும் வந்தது. கல்லூரிப் படிப்பை விட்டுவிட்டு வந்த சராபா அச்சு இயந்திரத்தைக் கையால் சுற்றினார். கட்டுரைகளை மொழிபெயர்த்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. பத்திரிகை வேலைக்கு ஆள் கேட்பது போல ஒரு விளம்பரம் போட்டது: தேவை வீரர்கள், சம்பளம் மரணம், பரிசு தியாகமும் விடுதலையும், பணியிடம் இந்தியா. ஹாங்காங், சிங்கப்பூர், மணிலா, ஆப்பிரிக்கா என்று பஞ்சாபிக் காவலரும் சிப்பாயும் இருந்த இடமெல்லாம் அது போய்ச் சேர்ந்தது. தபாலில் பறிமுதல் செய்தும் ஆங்கில அரசால் அதை முழுவதுமாகத் தடுக்க முடியவில்லை.

அடுத்த வசந்தத்தில் கோமகட்டா மாரு கப்பல் விவகாரம் வந்தது. இந்தியாவில் இருந்து இடையில் நிற்காமல் நேரே வருபவர்கள் மட்டுமே கனடாவுக்குள் நுழையலாம் என்று ஒரு விதி. அப்படி வரும் கப்பலே கிடையாது என்பது தெரிந்தே போட்ட விதி. குர்தித் சிங் வாடகைக்கு எடுத்த அந்த ஜப்பானியக் கப்பல் 376 பயணிகளோடு 1914 மே 23இல் வான்கூவர் வந்தது. இரண்டு மாதம் துறைமுகத்தில் நின்றது. ஜூலை 23இல் போர்க்கப்பல் காவலோடு திருப்பி அனுப்பப்பட்டது. அதே வாரத்தில் சோகன் சிங் அமெரிக்காவை விட்டுப் புறப்பட்டு, வழியில் யோகோகாமாவில் அந்தக் கப்பலைச் சந்தித்து, பயணிகளிடம் கைத்துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் சேர்த்தார். செப்டம்பர் 29இல் கல்கத்தா அருகே பட்ஜ் பட்ஜில் இறங்கிய பயணிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பலர் இறந்தார்கள்.

அதற்குள் உலகப் போர் தொடங்கிவிட்டது. ஆங்கிலேயரின் கை ஐரோப்பாவில் கட்டுண்டிருக்கும் இதுதான் நேரம் என்று கதர் தோழர்கள் ஆயிரக்கணக்கில் நாடு திரும்பினார்கள். ஆனால் அவர்கள் திட்டத்தை அவர்களுடைய பத்திரிகையே உலகத்துக்கு அறிவித்திருந்ததே! வெளிநாட்டில் இருந்து வருபவர்களைப் பிடித்து வைக்கும் அவசரச் சட்டம் செப்டம்பரிலேயே தயார். கல்கத்தாவில் கப்பலில் இருந்து இறங்கியவர்களை வரிசையாகப் பிடித்தார்கள். சிலர் கொழும்பில் இறங்கித் தெற்கு வழியாக ரயிலேறித் தப்பினார்கள். சோகன் சிங் தப்பவில்லை. 1914 அக்டோபர் நடுவில் கல்கத்தாவில் கால் வைத்ததுமே கைது.

வெளியில் சராபா, பிங்ளே, ராஷ்பிஹாரி போஸ் முதலானோர் 1915 பிப்ரவரி 21ஆம் தேதியைக் கிளர்ச்சி நாளாகக் குறித்தார்கள். கிர்பால் சிங் என்ற போலீஸ் உளவாளி உள்ளே நுழைந்துவிட்டது தெரிந்து, 19ஆம் தேதிக்கு மாற்றினார்கள். அதுவும் வெளியே போனது. லாகூர், பெரோஸ்பூர் பாசறைகளில் சந்தேகப்பட்ட சிப்பாய்களிடம் இருந்து ஆயுதத்தைப் பிடுங்கினார்கள், கதை அங்கேயே முடிந்தது. அதே மாதம் சிங்கப்பூரில் மட்டும் ஒரு படைப்பிரிவு உண்மையிலேயே கிளர்ந்தெழுந்தது.

இந்தத் தோல்விக்கு உளவாளி மட்டும் காரணமில்லை. கலிபோர்னியாவில் கொதித்துக்கொண்டிருந்த கோபம் பஞ்சாபுக் கிராமத்தில் அந்தச் சூட்டில் இல்லை. அங்கே படையில் சேர்வது பிழைப்பாகவும் கௌரவமாகவும் இருந்தது. பெரிய நிலக்கிழார்கள் அரசின் பக்கம் நின்றார்கள். அரசு நியமித்த கோயில் நிர்வாகிகள் இவர்கள் சீக்கியர்களே அல்ல என்று அறிவித்தார்கள். வெளிநாட்டு அவமானத்தில் விழித்துக்கொண்டவர்கள் ஊரிலும் எல்லாரும் விழித்திருப்பார்கள் என்று நம்பி வந்துவிட்டார்கள். சோகன் சிங்கின் பிற்கால வாழ்க்கையை இந்தப் பாடத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அது விளங்கும்.

1915 ஏப்ரலில் லாகூர் சிறைக்குள்ளேயே தனி நீதிமன்றம் அமைத்து வழக்கை நடத்தினார்கள். புதிய இந்தியப் பாதுகாப்புச் சட்டப்படி மேல்முறையீடு கிடையாது. கிளர்ச்சி நாளுக்கு நான்கு மாதம் முன்பே சிறைக்குள் இருந்தவர் சோகன் சிங். அவர் மீதான குற்றச்சாட்டு பெரும்பாலும் அமெரிக்க மண்ணில் பேசியதும் எழுதியதும் கூட்டம் நடத்தியதும்தான். இருந்தும் செப்டம்பர் 13இல் தீர்ப்பு வந்தபோது 24 தூக்குத் தண்டனைகளில் ஒன்று அவருக்கு. சொத்தும் பறிமுதல். இத்தனை பேரைத் தூக்கிலிட்டால் நிலைமை கைமீறும் என்று உணர்ந்த வைஸ்ராய் ஹார்டிங், 17 பேரின் தண்டனையை ஆயுள் தண்டனையாக மாற்றினார். சராபா, பிங்ளே உட்பட ஏழு பேர் நவம்பர் 16 அன்று தூக்கிலிடப்பட்டார்கள். டிசம்பரில் சோகன் சிங் அந்தமானில் இருந்தார்.

செல்லுலார் சிறையில் கயிறு திரிப்பதும் செக்கிழுப்பதும்தான் வேலை. குறித்த அளவு எண்ணெய் வராவிட்டால் அடியும் விலங்கும். கதர் கைதிகள் அங்கே அடங்கி இருக்கவில்லை. வேலை நிறுத்தமும் உண்ணாவிரதமும் அடுத்தடுத்து நடந்தன. சில தோழர்கள் அங்கேயே உயிரை விட்டார்கள். சோகன் சிங்கும் பலமுறை பட்டினி கிடந்தார். 1921இல் அரசியல் கைதிகளை அந்தமானில் இருந்து அப்புறப்படுத்தியபோது அவரைக் கொண்டுவந்த இடம் கோயம்புத்தூர் சிறை. வ.உ.சி. செக்கிழுத்த அதே சிறை. ஊர், மொழி, உறவு எல்லாவற்றில் இருந்தும் எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரத்தில் கைதியை வைப்பது அன்றைய அரசின் வழக்கம். தூத்துக்குடிக்காரரைக் கண்ணூருக்கு அனுப்பினார்கள், அமிர்தசரஸ்காரரைக் கோவைக்கு அனுப்பினார்கள். பிறகு அங்கிருந்து புனே அருகே ஏரவாடா. அங்கே சீக்கியக் கைதிகள் தலைப்பாகையும் கச்சையும் அணிய அனுமதி மறுக்கப்பட்டபோது மறுபடி உண்ணாவிரதம் இருந்தார்.

1927இல் லாகூர் மத்திய சிறைக்கு மாற்றினார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அவர் இருந்த உண்ணாவிரதம், என் பார்வையில், அவர் வாழ்க்கையின் உச்சம். சாப்பாட்டு வேளையில் மஜபி சீக்கியர்களை மற்ற சீக்கியர்களிடம் இருந்து பிரித்துத் தனியே உட்கார வைத்தார்கள். மஜபிகள் துப்புரவுத் தொழில் செய்த சமூகத்தில் இருந்து சீக்கியத்துக்கு வந்தவர்கள். சீக்கிய குருமார்கள் லங்கர் என்ற பொதுப் பந்தியை ஏற்படுத்தியதே அரசனும் ஆண்டியும் ஒரே பந்தியில் தரையில் உட்கார்ந்து உண்ண வேண்டும் என்பதற்காக. ஆனால் கிராமங்களில் மஜபிக்குத் தனிக் கிணறு, தனி இடம் என்று சாதி தொடர்ந்தது. ஆங்கிலப் படையும் அவர்களைத் தனிப் படைப்பிரிவில்தான் சேர்த்தது. சிறையும் அதையே பந்தியில் செய்தது. அதிகாரிகளுக்கு அது வசதி, உயர்சாதிக் கைதிகளுக்கும் பழக்கம்.

சோகன் சிங் ஜாட் நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்தவர், வயது 58, சிறையில் பதினான்காவது ஆண்டு. அந்தப் பிரிவினையால் அவருக்கு நேரடியாக எந்தக் குறையும் இல்லை. பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போயிருக்கலாம். சாப்பிட மாட்டேன் என்று உட்கார்ந்தார். தலைப்பாகைக்காகப் பட்டினி கிடந்தபோது எதிரி ஆங்கிலேய அதிகாரி. பந்திக்காகப் பட்டினி கிடந்தபோது தன் சொந்த மக்களின் வழக்கத்தையும் எதிர்த்தார். நீங்கள் மனிதர்களா ஆடுகளா என்ற கேள்வியை ஆரிகனில் கேட்டுக் குமுறியவர், பக்கத்தில் இருப்பவனிடம் தன் கூட்டமே அதே கேள்வியைக் கேட்பதைப் பொறுத்துக்கொள்ளவில்லை. அந்நிய ஆட்சியை எதிர்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு. அந்த ஆட்சியும் சாதியும் ஒன்றுதான் என்று உடம்பை வருத்திக் காட்டியவர்கள் குறைவு.

அடுத்த ஆண்டு பகத் சிங்கும் பி.கே. தத்தும் அரசியல் கைதிகளின் உரிமைக்காக உண்ணாவிரதம் தொடங்கினார்கள். அவர்களுக்கு ஆதரவாக, அறுபதை நெருங்கிக்கொண்டிருந்த சோகன் சிங்கும் பட்டினியில் இறங்கினார். சராபாவின் படத்தை எப்போதும் கூடவே வைத்திருந்த இளைஞருக்கு, சராபாவின் தலைவரே துணை நின்றார். அந்த உண்ணாவிரதத்தில் இருந்த தோழர் ஜதீன் தாஸ் 63 நாள் பட்டினிக்குப் பிறகு செப்டம்பர் 13 அன்று இறந்தார். சோகன் சிங் 1930 ஜூலையில் விடுதலையானார். போனபோது 44 வயது, வந்தபோது 60.

விடுதலையான கையோடு அவர் செய்தது, உள்ளே இருக்கும் மற்ற கைதிகளின் விடுதலைக்காக அலைந்தது. அப்புறம் விவசாயிகளிடம் போனார். இதைக் கட்சி மாறியதாகச் சிலர் பார்க்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 1915இல் கிராமம் எழவில்லை. ஆகவே கிராமத்தில் இருந்து தொடங்கினார். கடன், நில வாடகை, கால்வாய் வரி என்று 1907இல் அவர் பார்த்த அதே பிரச்சினைகள் அப்படியே இருந்தன. கதர் மரபில் வந்தவர்கள் நடத்திய கீர்த்தி இதழும், விவசாயிகள் சங்கமான கிசான் சபாவும், கம்யூனிஸ்ட் கட்சியும் அந்த வழியில் அடுத்தடுத்து வந்தவை. இரண்டாம் உலகப் போரின்போது அரசு அவரை மறுபடி பிடித்து, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் அடைத்து வைத்தது. 1943இல் அகில இந்திய கிசான் சபாவின் மாநாடு நடந்த இடம் அவருடைய பக்னா கிராமம்.

1947இல் நாடு விடுதலை பெற்றது. பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. கதர் கட்சி எந்த மதச் சண்டையை வாசலிலேயே நிறுத்தி வைத்ததோ, அது லாகூரிலும் அமிர்தசரசிலும் லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. அடுத்த ஆண்டு மார்ச் 31 அன்று, கம்யூனிஸ்டுகள் மீதான நடவடிக்கையில், 78 வயது சோகன் சிங்கைச் சுதந்திர இந்தியாவின் போலீஸ் கைது செய்தது. மே 8இல் விட்டார்கள், பிறகு மீண்டும் பிடித்தார்கள். பிரதமர் நேரு தலையிட்ட பிறகுதான் அவருடைய சிறைவாசம் ஒருவழியாக முடிவுக்கு வந்தது. இதை ஒரு வரியில் கடந்துபோகும் வாழ்க்கை வரலாறுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. நாட்டுக்காகப் பதினாறு ஆண்டு சிறையில் இருந்தவரை அடைக்கும் முன் ஒரு அதிகாரிகூடவா யோசிக்கவில்லை?

1968 டிசம்பரில் அமிர்தசரசில் நிமோனியாவால் இறந்தார். உயிரோடு இருந்த பழைய கதர் தோழர்கள் ஜலந்தரில் கட்டத் தொடங்கிய தேச பக்தர் நினைவு மண்டபத்தில் ஒவ்வோர் ஆண்டும், பத்திரிகை பிறந்த நவம்பர் 1ஐ ஒட்டி, கதர் பாபாக்களின் மேளா நடக்கிறது. நாடகமும் பாட்டும் புத்தகக் கடைகளுமாக விவசாயிகளும் மாணவர்களும் குடும்பத்தோடு வருகிறார்கள். வந்தவர்கள் எல்லாருக்கும் அங்கே லங்கர் உண்டு. ஒரே பந்திதான்.